கிளட்சை மெதுவா விடுங்கப்பா!

எங்கள் வீட்டு ஹாலில், காலண்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருக்கிறது. கார் சாவி மாட்டுகிற ஆணி. 2014-ல் அப்பா ரிடையர் ஆகி, வந்த பணத்தில் ஒரு சின்னக் காரை வாங்கி வாசலில் நிறுத்தி, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கின கையோடு உள்ளே வந்து, அவரே சுத்தியல் எடுத்து அடித்த ஆணி. அதில் சாவி தொங்கினால் அப்பா வீட்டில் இருக்கிறார். தொங்கவில்லை என்றால் செங்கல்பட்டில் அத்தை வீட்டில் இருக்கிறார். பத்து வருஷமாக எங்கள் வீட்டு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் அந்த ஆணிதான்.

அந்தச் சாவியை ஒருநாள் நான் எடுத்து என் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். இது அந்தக் கதை.

அப்பா ரயில்வே கார்டு. (2022-ல் கார்டு என்ற பதவியின் பெயரை 'டிரெயின் மேனேஜர்' என்று மாற்றினார்கள். ரிடையராகி எட்டு வருஷம் கழித்து வந்த புரமோஷன் என்று அப்பா அன்றைக்குத் தெருவுக்கே பால்கோவா கொடுத்தார்.) சர்வீஸ் முழுக்க ரயிலின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு, எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வந்தோம், எத்தனை மணிக்குக் கிளம்பினோம், நடுவில் எங்கே எத்தனை நிமிஷம் நின்றோம் என்று எழுதிக்கொண்டே வந்தவர். ரிடையர் ஆன பிறகும் கை நிற்கவில்லை. சட்டைப் பையில் ஒரு குட்டி டைரி. பால்காரர் வந்த நேரம்கூட அதில் இருக்கும். நாங்கள் யாரும் அதைப் படித்தது கிடையாது. பால்காரர் வந்த நேரத்தைப் படித்து என்ன செய்யப் போகிறோம்?

நான் பி.காம். பகலில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுவேன். ராத்திரியில் இந்த மாதிரி எழுதுவேன். முதலாவதில் தப்பு செய்தால் நோட்டீஸ் வரும். இரண்டாவதில் வாசகர் கடிதம் வரும். மற்றபடி இரண்டிலும் வருமானம் ஒன்றுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். 2024 பிப்ரவரி, இரண்டாம் சனிக்கிழமை. அத்தை வீட்டுக்குப் போய்விட்டு வந்த அப்பா, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்.

"வண்டலூர் தாண்டி வண்டி நின்னுடுச்சுடா. அப்புறம் தானா கிளம்பிடுச்சு."

"தானா எப்படிப்பா கிளம்பும்? கிளட்சைச் சட்டுன்னு விட்டிருப்பீங்க."

"அறுபதுல போறப்போ எவன்டா கிளட்ச் மேல கால் வைப்பான்?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் இல்லாததால் நான் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச்சில் இன்னும் இரண்டு தடவை நின்றது. இரண்டு தடவையும் அப்பா ஓட்டும்போது. இரண்டு தடவையும் ஜி.எஸ்.டி. ரோட்டில். நான் தினமும்தான் ஓட்டுகிறேன். மடிப்பாக்கத்திலிருந்து வேளச்சேரி, வேளச்சேரியிலிருந்து கிண்டி என்று கடை கடையாக. எனக்கு ஒரு தடவைகூட நின்றதில்லை. இருந்தாலும் மகன் என்ற முறையில் பேட்டரிக் கடைக்குப் போனேன். பேட்டரிக்காரர் பேட்டரிதான் என்றார். (பேட்டரிக்காரர் வேறென்ன சொல்வார்?) 4,800 ரூபாய். பிறகு ஒரு மெக்கானிக்கிடம் போனேன். பெட்ரோல் பம்ப்பில் அழுக்கு என்று கழற்றி, கழுவி, ஃபில்டர் மாற்றினார். 2,200 ரூபாய். தெருவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்து, "வண்டி சூப்பரா இருக்கு சார். ஓட்றது யாரு?" என்று கேட்டார்.

"அப்பா."

"வயசு?"

"எழுபது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே ஒரு மாதிரி தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

அன்றைக்கு ராத்திரி சாவி என் பாக்கெட்டுக்கு வந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. காலையில் பல் தேய்த்துவிட்டு வந்த அப்பா ஆணியைப் பார்த்தார். காலண்டரில் தேதி கிழித்தார். மறுபடி ஆணியைப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார். திரும்பி வந்து அந்தப் பையை அந்த ஆணியில் மாட்டினார்.

"என்னங்க இது? நல்லாயில்லைங்க" என்றாள் மனைவி.

"எல்லாம் அவர் நல்லதுக்குத்தான்" என்றேன். இந்த வாக்கியத்தை நம் நாட்டில் யாரும் நல்ல காரியத்துக்குச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

மே மாதம், கத்திரி வெயிலின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தையின் பேத்திக்குக் காதுகுத்து. குடும்பத்தோடு கிளம்பினோம். நான்தான் டிரைவர். அப்பா பின் சீட்டில், என் பெண்ணுக்குப் பக்கத்தில். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஊரப்பாக்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், எழுபதில் போய்க்கொண்டிருந்த வண்டி ஒரு தும்மல்கூட இல்லாமல் செத்தது.

எஞ்சின் நின்றுபோன வண்டியை ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்டீயரிங் அம்மிக்கல் மாதிரி ஆகிவிடும். பிரேக் இரண்டு மூன்று மிதி வரைக்கும் கேட்கும், அப்புறம் அதுவும் கல்தான். பின்னாலே ஒரு டேங்கர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. எனக்கு முப்பத்தாறு வயது, தினமும் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடுகிற உடம்பு. இடது ஓரம் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. இதை எழுபது வயதில், தனியாக, மூன்று தடவை ஒரு மனிதர் செய்திருக்கிறார். செய்துவிட்டு வந்து "நின்னுடுச்சுடா" என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கிறார்.

சாவியைத் திருகினேன். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை.

பின் சீட்டில் அப்பா வாட்சைப் பார்த்தார். "9.52" என்றார். டைரியை எடுத்து எழுதினார். பிறகு, "பானெட்டைத் திறந்து வை. இருபத்தஞ்சு நிமிஷம் விடு. கிளம்பும்" என்றார்.

10.17-க்குக் கிளம்பியது.

'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சொல்லவில்லை. செங்கல்பட்டு வரும் வரைக்கும் பேத்திக்கு எலெக்ட்ரிக் கம்பம் எண்ணக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

சரி, அப்பா தப்பில்லை. அப்படியானால் யார்? இங்கே கொஞ்சம் எஞ்சினுக்குள் போக வேண்டியிருக்கிறது. பயப்படாதீர்கள், கல்யாண மண்டபம் வழியாகவே போகலாம்.

முகூர்த்தத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் ஒரு பெரியவர் விரலை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்துவார் அல்லவா? முடிச்சு விழுந்த பிறகு கத்தினால் பிரயோஜனமில்லை. தவில்காரர் கையை ஓங்கி அடிக்க நேரம் வேண்டும். ஆகவே கொஞ்சம் முன்னாலேயே கத்த வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறியும் அப்படித்தான். பிஸ்டன் மேலே வந்து சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் பொறி விழ வேண்டும். பெட்ரோல் எரிந்து வேகம் எடுக்கவும் நேரம் ஆகும் இல்லையா? எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற, பொறியை இன்னும் முன்னாடி தள்ள வேண்டும். இதற்குப் பெயர்தான் டைமிங்.

மாப்பிள்ளை கையையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பெரியவர்தான் கிராங்க் சென்ஸார். எஞ்சினின் கிராங்க்ஷாஃப்ட்டோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுற்றும். பல வண்டிகளில் 60 பல்லுக்கு இடம் வைத்து, இரண்டை வேண்டுமென்றே விட்டு, 58 பல் வைத்திருப்பார்கள். அந்தப் பொக்கை வாய்தான் அடையாளம். பொக்கை கடந்ததும் மூளை (மெக்கானிக் பாஷையில் ஈ.சி.எம்.) ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பிக்கும். 3000 ஆர்.பி.எம்.மில் விநாடிக்கு 50 சுற்று, அதாவது 2900 பல். நம் ஆபீஸ் கேஷியர் நோட்டு எண்ணுகிற வேகத்தை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் ஒரு சிக்கல். பிஸ்டன் ஒரு வேலையை முடிப்பதற்குள் இரண்டு தடவை மேலே வரும். ஒன்று பெட்ரோலையும் காற்றையும் அழுத்த, ஒன்று புகையை வெளியே தள்ள. மாப்பிள்ளை கையும் இரண்டு தடவை பெண்ணின் கழுத்துக்குப் போகிறதே! மாலைக்கு ஒரு தடவை, தாலிக்கு ஒரு தடவை. இது எது என்று சொல்ல இன்னொரு பெரியவர் வேண்டும். அவர் கேம் சென்ஸார். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இரண்டையும் ஒரு சங்கிலி கட்டிப் போட்டிருக்கிறது. சில வண்டிகளில் பெல்ட்.

இதில் முதல் பெரியவர் காப்பி குடிக்கப் போய்விட்டால் மேளம் நின்றுவிடும். கல்யாணமும் நின்றுவிடும். நாங்கள் ஊரப்பாக்கத்தில் நின்ற மாதிரி.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியுமா என்றால், தெரியாது. 900 ரூபாய் கொடுத்து, தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா வாங்கினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கிறது. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் அது கட்டாயம். நம் ஊரில் 2013 ஏப்ரலிலிருந்து அதே வகைச் சட்டம். அதில் டப்பாவைச் செருகினால் வண்டியின் மனக்குறையெல்லாம் நம் ஃபோனுக்கு வந்துவிடும். என் ஃபோனில் வந்தது: பி-0335. தேடிப் பார்த்தேன். 'கிராங்க்ஷாஃப்ட் பொஸிஷன் சென்ஸார் - ஏ - சர்க்யூட்.'

குதித்தேன். ஆடிட்டில் திருடனைப் பிடித்த குதி. 1,450 ரூபாய்க்குப் புது சென்ஸார் வாங்கி, 500 ரூபாய் கூலி கொடுத்து மாட்டினேன். மூன்று வாரம் ஓட்டினேன். நிற்கவே இல்லை. வீட்டில் எஞ்சினியர் மாதிரி நடந்தேன்.

சாவி மட்டும் இன்னும் என் பாக்கெட்டில்தான் இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று உறுதியாகத் தெரியட்டும், அப்புறம் மாட்டலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், மாட்டுகிற அந்த நிமிஷத்தில் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்பதுதான் காரணம்.

ஜூனில் அப்பாவைக் கண் டாக்டரிடம் காட்ட நுங்கம்பாக்கம் அழைத்துப் போனேன். மத்தியான வெயில், கிண்டியிலிருந்து ஊர்வலம் மாதிரி டிராஃபிக். டாக்டர் வீட்டுக்கு இரண்டு சிக்னல் முன்னால் வண்டி நின்றது. அவசரமாக ஃபோனைப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் உடம்பே குலுங்குகிறது, ஆனால் ஆர்.பி.எம். என்ற இடத்தில் பூஜ்யம். சுற்றுகிற எஞ்சினைப் பார்த்து மூளை 'சுற்றவில்லை' என்கிறது. புது சென்ஸார்!

இந்த முறை பெரிய ஒர்க்ஷாப்புக்கே போனேன். கண்ணாடிக் கதவு, ஏ.சி., காப்பி மெஷின். டை கட்டின பையன் பெரிய ஸ்கேனரை மாட்டி, "பி-0016 சார்" என்றான். கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். "டைமிங் செயின் நீண்டு போயிருக்கும் சார். எஞ்சினை இறக்கிப் பிரிக்கணும். எஸ்டிமேட் 42,000."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா சிறிது நேரம் விசிறிக்கொண்டிருந்தார். "வித்துடலாம்டா. எனக்கு பஸ்ஸே போதும்" என்றார். அவர் இவ்வளவு சுலபமாக ஒன்றை விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. ரயில்வே பாஸில் செகண்ட் கிளாஸ் லோயர் பெர்த்துக்காக டி.டி.ஆரோடு மூன்று ஸ்டேஷன் வாதாடினவர்.

அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை. அதாவது கேஷ் புக்கும் பேங்க் பாஸ் புக்கும் ஒத்துப்போகவில்லை. பி.காம். இரண்டாம் வருஷம் படித்தவனுக்குக்கூடத் தெரியும், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் உடனே பேங்க்கை இடித்துக் கட்ட வேண்டாம். எந்த என்ட்ரி விட்டுப்போச்சு என்று தேட வேண்டும். நான் நாலு மாதமாகச் செய்தது என்ன? டேலி ஆகாத வித்தியாசத்தைச் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுகிற மாதிரி, பேட்டரி, பம்ப், சென்ஸார் என்று போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். டப்பாவையும் சேர்த்துக் கூட்டினேன். 9,850 ரூபாய்.

நான் கணக்கு எழுதுகிற மளிகைக் கடை முதலாளி ஒருத்தர்தான், "ஆலந்தூர்ல ஒரு பாய் இருக்காரு. அவர்கிட்ட காட்டிட்டு அப்புறம் பிரிங்க" என்றார். சந்துக்குள் ஒரு தகரக் கொட்டகை. பாய்க்கு அப்பா வயது. அம்பாஸடர் காலத்து ஆள். டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பி, காதாலேயே டைமிங் வைத்தவர். எங்கள் கார் வாங்கிய அதே 2014-ல்தான் உத்தர்பாராவில் அம்பாஸடர் தயாரிப்பு நின்றது. அதற்கும் முன்னாடியே பாய் புது வண்டிகளுக்கு மாறிவிட்டார். அவரிடமும் ஸ்கேனர் இருந்தது. ஆனால் அதை எடுக்கவில்லை. ஸ்டூலை அப்பா பக்கம் நகர்த்தினார்.

"எப்ப சார் நிக்குது?"

நான் ஆரம்பித்தேன். "பி-0335 வந்தது, அப்புறம் பி-0016..."

"இருங்க தம்பி. அது வண்டியோட புகாரு. தீர்ப்பு இல்ல. சார், நீங்க சொல்லுங்க. எப்ப நிக்குது?"

அப்பா சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டார். ரிப்போர்ட் படிக்கிற குரலில் படித்தார்.

"பிப்ரவரி 10. புறப்பாடு 9.05. ஏ.சி. உண்டு. வண்டலூர் தாண்டி 9.50 நின்றது. ஸ்டார்ட்டர் சுற்றியது. ஆர்.பி.எம். முள் ஆடவில்லை. 10.15 கிளம்பியது. பிப்ரவரி 24. புறப்பாடு காலை 6.00. ஏ.சி. இல்லை. நிற்கவில்லை. மார்ச் 9. புறப்பாடு 9.10. ஏ.சி. உண்டு. 9.55 நின்றது. முள் ஆடவில்லை. மஞ்சள் விளக்கு எரிந்தது. 10.20 கிளம்பியது. மார்ச் 23..."

பாய் கையில் இருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஆர்.பி.எம். முள் ஆடவில்லை.' நான் 900 ரூபாய் டப்பா வாங்கி ஜூனில் கண்டுபிடித்ததை, அப்பா பிப்ரவரி 10-ம் தேதியே பால் பாயிண்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். அதைவிடப் பெரிய விஷயம், நிற்காத நாளையும் எழுதி வைத்திருக்கிறார்.

"அப்ப நாப்பது, நாப்பத்தஞ்சு நிமிஷம் நல்லா சூடாகணும். விடியக்காலைல போனா நிக்கல" என்றார் பாய். என் பக்கம் திரும்பி, "நீங்க எவ்ளோ நேரம் ஓட்டுவீங்க தம்பி?"

"கால் மணி நேரம். அப்புறம் கடை வந்துடும்."

"அதான் உங்களுக்கு நிக்கல."

புது சென்ஸார் போட்டு மூன்று வாரம் நிற்கவில்லை என்று நான் மார்தட்டியதும் இப்போது புரிந்தது. அந்த மூன்று வாரமும் நான் கால் மணி நேரத்துக்கு மேல் ஓட்டவே இல்லை. பரீட்சையே எழுதாமல் பாஸ் என்று அறிவித்திருக்கிறேன்.

"செயின்?" என்றேன், 42,000 ஞாபகத்தில்.

"செயின் நீண்டிருந்தா காலைல குளிர்ல ஸ்டார்ட் பண்றப்போ கடகடன்னு சத்தம் வரும். வருதா?"

"வரலை" என்றார் அப்பா, டைரியைப் பார்க்காமலே.

"சூடாறதுக்கு முன்னாடி ஒழுங்கா இருந்து, சூடானதும் நீண்டு, ஆறினதும் சுருங்கற செயினை நான் பார்த்ததில்ல. கிராங்க் சிக்னல் விட்டு விட்டு வந்தா, எண்ணிக்கை தப்பும். எண்ணிக்கை தப்பினா கேமோட ஒத்துப்போகாது. கோடு சரியாத்தான் சொல்லுது. படிச்சவங்கதான் அவசரப்பட்டுட்டாங்க. சென்ஸாரும் புதுசு, செயினும் நல்லாருக்கு. நடுவுல என்ன இருக்கு?"

நடுவில் வயர் இருக்கிறது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் ஃபோனில் வந்த வரியின் கடைசி வார்த்தை, 'சர்க்யூட்'. சென்ஸார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை. சென்ஸாரிலிருந்து மூளை வரைக்கும் போகிற பாதையில் எங்கேயோ கோளாறு என்றுதான் சொல்லியிருக்கிறது. கடைக்காரர்களின் ரிட்டர்னில் ஒரு கமா விட்டால்கூடக் கண்டுபிடிக்கிறவன், ஒரு முழு வார்த்தையை விட்டிருக்கிறேன்.

"இதுக்கு முன்னாடி வண்டிய யாராவது அடியில கை வச்சாங்களா சார்?"

அப்பா பக்கம் திருப்பினார். "டிசம்பர் 2023. கிளட்ச் பிளேட் மாற்றியது. வழக்கமான மெக்கானிக் 9,500 கேட்டார். மகன் 7,000-க்கு வேறு இடம் பார்த்தான்."

கொட்டகையில் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. நானே தேடிப் பிடித்து, 2,500 ரூபாய் மிச்சம் என்று வீட்டில் பெருமையடித்த இடம் அது.

கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். எங்கள் வண்டியில் கிராங்க் சென்ஸார் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. வயரை ஒதுக்கிவிட்டு வேலை பார்த்தவர்கள், திரும்ப மாட்டும்போது ஒரு கிளிப்பைப் போடவில்லை. சின்ன பிளாஸ்டிக் கிளிப். பாய் டார்ச்சோடு வண்டிக்குக் கீழே போனார். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. வயர் தொங்கிப் போய் சைலன்ஸர் குழாயை ஒட்டிக்கொண்டு கிடந்தது. மேல் உறை வெந்து, பழுப்பேறி, அப்பளம் மாதிரி வெடித்திருந்தது. உள்ளே செம்பு தெரிந்தது.

ஆனாலும் உடனே அதை வெட்டவில்லை. இதுதான் எனக்குப் பிடித்த இடம். "பார்த்ததும் மாத்திட்டா இதுதான்னு எப்படித் தெரியும்?" என்றார். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஏ.சி.யைப் போட்டு ஓட விட்டார். நாங்கள் மூன்று பேரும் டீ குடித்தோம். அப்பாவும் அவரும் அம்பாஸடரையும் நீராவி எஞ்சினையும் பற்றிப் பேசினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, நீளமான ஒரு மரக்குச்சியைக் கீழே விட்டு, அந்த வயரை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார்.

வண்டி செத்தது.

அதே மாதிரி. தும்மல்கூட இல்லாமல்.

அப்பா வாட்சைப் பார்த்தார். பழக்க தோஷம்.

"இது என்ன பாய் வேலை செய்யுது, இந்தச் சென்ஸார்?" என்று கேட்டார் அப்பா. பாய் சொன்னார். அப்பா கேட்டுவிட்டு, "கார்டு கொடி காட்டலைன்னா டிரைவர் வண்டியை எடுக்க மாட்டான். அதானே?" என்றார்.

"அதேதான் சார். உங்க ஆளுதான். கார்டு நல்லாத்தான் இருக்காரு. கொடிதான் கிழிஞ்சுபோச்சு."

கெட்ட வயரை வெட்டி, புது வயர் வைத்து, சால்டர் செய்து, சூடு தாங்குகிற உறை போட்டு, குழாய்க்கு எட்டாத தூரத்தில் தூக்கிக் கட்டினார். விட்டுப்போன இடத்தில் ஒரு கிளிப்பும் போட்டார். மறுபடி முக்கால் மணி நேரம் ஓட விட்டு, மறுபடி குச்சியால் தட்டினார். எஞ்சின் கண்டுகொள்ளவில்லை. கடைசியாகத்தான் ஸ்கேனரை எடுத்து, பழைய கோடுகளை அழித்தார். 650 ரூபாய். அதில் வயர், உறை, கிளிப் எல்லாம் அடக்கம். டீக்குக் காசு வாங்கவில்லை.

(முதலில் கழற்றின பழைய சென்ஸார் என் மேஜையில் இருக்கிறது. ஒரு குற்றமும் செய்யாதது. பேப்பர் வெயிட்டாக வைத்திருக்கிறேன்.)

வீட்டுக்கு வந்ததும் அப்பா கை கால் கழுவப் போனார். அந்த நேரத்தில் மஞ்சள் பையை எடுத்துவிட்டு, சாவியை ஆணியில் மாட்டினேன். மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா வந்தார். துண்டால் முகம் துடைத்துக்கொண்டே ஆணியைப் பார்த்தார். சாவி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மன்னிப்பு மாதிரி எதையோ சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"காப்பி ஆறிடப் போகுது, குடி" என்றார்.

ஜூன் 22, நாலாம் சனிக்கிழமை. அப்பாவோடு நானும் செங்கல்பட்டு போனேன். அவர் ஓட்டினார். இடது சீட்டில் நான். 9.05 புறப்பாடு. ஏ.சி. உண்டு. நல்ல வெயில். வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி எல்லாவற்றையும் தாண்டும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். வண்டி நிற்கவில்லை. ஒரு இடத்திலாவது கிளட்சைச் சட்டென்று விடுகிறாரா என்று கால்களைப் பார்த்தேன். அது பிஸ்டனைவிட ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. 10.20-க்கு அத்தை வீட்டு வாசல்.

திரும்பும்போது, சாப்பாடு கொஞ்சம் கூடிவிட்டது, தூக்கம் வருகிறது, நீ ஓட்டு என்று சாவியை என்னிடம் கொடுத்தார். பெருங்களத்தூரில் சிக்னல் விழுந்து நின்றோம். பச்சை வந்தது. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்த அடியில் பதறிக் காலை எடுத்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

தூங்குகிறார் என்று நினைத்த அப்பா கண்ணைத் திறந்தார். வாட்சைப் பார்த்தார். டைரியை எடுத்து எழுதினார். மறுபடி ஸ்டார்ட் செய்துகொண்டே எட்டிப் பார்த்தேன்.

'4.40 பெருங்களத்தூர். நின்றது. காரணம்: மகன்.'